நீ நடந்ததைப் பார்த்தேன்

கண்ணு அம்மணிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததற்குப் போன் பண்ணினாய், சரி. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது மஞ்சள் காட்டு வரப்பில் எனக்கு முன்னால் நடந்தாயல்லவா? கண்ணபுரம் தேர்ச் சந்தையில் காளைக்கு விலை பேசும் முன்னால் நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்போம். பல் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். அந்தக் கண்ணோடு உன்னையும் பார்த்துவிட்டேன், கோவித்துக்கொள்ளாதே. முட்டியில் ஜவ்வு ஆபரேஷன் செய்த இடது காலை ஊன்றும்போது முட்டி மடங்கவே இல்லை. ஊன்றுகோல் மாதிரி வைத்துவிட்டுச் சட்டென்று வலது காலுக்கு மாறிவிடுகிறாய். ஈர மண்ணில் வலது குதிகால் ஆழப் பதிந்திருந்தது, இடது மேலாகத்தான்.

கேட்டதற்கு, "வலியே இல்லீங்கப்பா" என்றாய். அதுதான் எனக்குப் பயம். கோவையில் உனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மாவைப் போய்ப் பார்த்தேன். முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது என்றார். கெட ஆரம்பித்தாலும் அதற்கு வலிக்கத் தெரியாது. மூட்டு நீர்தான் அதற்குச் சாப்பாடு. காலை ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். பாரத்தை மிச்சம் பிடித்தால் முட்டிக்கு நல்லது என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அளவுக்கு மீறினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதலாம். ஆபரேஷனான 6-ஆம் மாதத்தில் அந்தக் காலுக்குப் போதிய பாரம் கொடுக்காமல் நடந்தவர்களுக்கு 5 வருடத்தில் தேய்மானம் தெரிந்ததாக ஒரு ஆராய்ச்சியே இருக்கிறதாம். ஆரம்ப மாற்றம் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் பிடிபடும்.

ஊன்றியதும் முட்டி 15, 20 டிகிரி மடங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டும். அதற்குத் தொடை முன்தசையில் வலு வேண்டும். உன் இடது தொடை இளைத்திருப்பதை அம்மாவும் சொன்னாள். ஜவ்வை வைத்துத் தைத்தார்கள், தசையையும் நடையையும் யாரும் தைத்துக் கொடுக்க முடியாது. பாதியில் விட்ட பயிற்சியை அங்கேயே ஓரிடத்தில் சேர்ந்து தொடரு. வாலிபால் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

சனிக்கிழமைக்குள் ஒரு வீடியோ அனுப்பு, பிசியோதெரபி அம்மாவிடம் காட்ட வேண்டும். முட்டி தெரிகிற டவுசர் போட்டுக்கொள், பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல். எடுப்பது தெரிந்தால் ஒழுங்காக நடந்துவிடுவாய்; யாரிடமாவது பேசிக்கொண்டே நட.

அப்பா