டைனமோ ஹப் வாங்க முன் சைக்கிளை ஒருமுறை கொண்டுவாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது சைக்கிளுக்கு மாறியவர்களில் பலர் இன்னும் அதில்தான் வேலைக்குப் போய்வருகிறீர்கள். ஏழு மணிக்கெல்லாம் கொழும்பு இருண்டுவிடும். சார்ஜ் போட மறந்த லைட் மரைன் டிரைவில் பாதி வழியில் அணைந்துபோகும். அதனால்தான் றோட் பைக்குக்கு டைனமோ ஹப், அதாவது முன்சில்லின் நடுவில் இருந்து லைட்டுக்கு மின்சாரம் தரும் ஹப், பூட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். தாராளமாகப் பூட்டலாம். ஆனால் சிலர் ஹப்பை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த பிறகே கடைக்கு வருகிறீர்கள். காசு கொடுத்து வாங்கியதை "இது பொருந்தாது" என்று சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

டைனமோ என்றதும் ரயரில் உரசி இரையும் பழைய போத்தல் டைனமோ ஞாபகம் வரும். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி றேடியோ கேட்டது அதில்தான். மிதிக்கக் கால் கடுக்குமே என்ற பயமும் அங்கிருந்து வந்தது. ஹப் டைனமோ ரயரைத் தொடுவதே இல்லை. அச்சோடு அசையாமல் நிற்கும் செப்புச் சுருளைச் சுற்றி, சில்லோடு சேர்ந்து காந்தங்கள் சுழலும். வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். லைட் எரியும்போது காலுக்குக் கூடும் பாரம் ஒரு சில வாட்தான்.

புது ஹப்பைக் கையில் எடுத்து அச்சைத் திருகினால் தக், தக் என்று பிடித்துப் பிடித்து விடும். பெயாரிங் பழுதென்று நினைக்க வேண்டாம், அது காந்தத்தின் இழுப்பு. ஓடும்போது தெரியாது.

இனி அளவுகள். டிஸ்க் பிரேக்கா, றிம் பிரேக்கா? அச்சு, கைப்பிடியைத் திருப்பிக் கழற்றும் குவிக் ரிலீஸா, ஊடாகச் செருகித் திருகும் 12 மில்லிமீற்றர் அச்சா? இவை பார்த்ததும் தெரிந்துவிடும். சிக்கல் ஹப்பையும் றிம்மையும் இணைக்கும் சில்லுக் கம்பியில்தான். றோட் பைக் முன்சில்லில் பெரும்பாலும் 20 அல்லது 24 கம்பி. டைனமோ ஹப்கள் பெரும்பாலும் 32 அல்லது 36 துளையோடு வரும். அப்படியானால் றிம்மும் புதிதாக வேண்டும். துளை எண்ணிக்கை ஒத்துவந்தாலும் பழைய கம்பி உதவாது. ஒருமுறை நாங்களே அந்தப் பிழையை விட்டோம். ஹப்பின் விளிம்பு பெரிது என்பதால் கம்பிகள் நீண்டு, கம்பியை றிம்மில் இறுக்கும் நிப்பிளுக்கு மேலே முளைத்து நின்றன. ஓடவிட்டிருந்தால் ரியூபைக் குத்தியிருக்கும். முழுச் சில்லையும் கழற்றித் திரும்பக் கோர்த்துக் கொடுத்தோம். இப்போது றிம்மையும் ஹப்பையும் அளந்த பிறகே கம்பி எடுக்கிறோம். மூன்று நாள் தவணை கேட்பதும் அதனால்தான்.

டைனமோவில் வருவது ஏசி மின்சாரம். பற்றரி லைட்டை அதில் கொழுவக் கூடாது, டைனமோவுக்கென்றே செய்த எல்ஈடி லைட் வேண்டும். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வகையை எடுங்கள், பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதும் எரியும். போன் சார்ஜ் பண்ணவும் வழி உண்டு, ஆனால் காலி வீதி நெரிசலில் அதற்கு வேண்டிய வேகம் கிடைக்காது. அதில் காசு போடச் சொல்ல மாட்டோம்.

எங்களிடம் திருத்த வருபவற்றில் ஹப் பழுதானது மிகக் குறைவு. வயர் முனைதான் போகிறது. கடற்கரை வீதியால் ஓடும் சைக்கிள்களில் பிளக்கைக் கழற்றினால் செம்பு பச்சை பூத்திருக்கும், விரலால் தொட்டால் இழை உதிரும். மாதம் ஒருமுறை துடைத்து, துளி வாசலின் பூசுங்கள். பஞ்சருக்காக முன்சில்லைக் கழற்றும்போது முதலில் பிளக்கை இழுத்துவிடுங்கள், மறந்தால் வயர் அறுந்துவிடும். திரும்பப் பூட்டும்போது அச்சை நன்றாக இறுக்குங்கள்.

பழைய முன்சில்லை எறிய வேண்டாம். ஞாயிறு காலை ஓட்டத்துக்கு அதை மாட்டிக்கொள்ளலாம்.

ஹப் ஏற்கனவே கையில் இருந்தால் பெட்டியோடு கொண்டுவாருங்கள். அதற்குள் நகமளவு பிளக் மூடி ஒன்று இருக்கும், அது தொலைந்தால் இங்கே தனியாக எடுப்பது கஷ்டம்.

அன்புடன்,
வெள்ளவத்தைக் கடையிலிருந்து