எஞ்சின் மேல தண்ணி அடிக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மழை முடிஞ்சதும் காரை எப்படிப் பார்த்துக்கணும்னு ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீங்க. டயர், வைப்பர், பிரேக்னு எல்லாமே நல்லா எழுதியிருந்தாங்க, நானும் என் வீட்டுக்காரரும் மாத்தி மாத்திப் படிச்சோம். ஆனா கடைசிக்கு முன்னாடி ஒரே ஒரு வரி, பானட்டைத் திறந்து எஞ்சினையும் பிரஷர்ல தண்ணி அடிச்சுக் கழுவிருங்கன்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். உங்க பேப்பர்ல வந்துச்சுன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பி அப்படியே செய்யுறவங்க எங்க தெருவுலயே நாலு பேர் இருக்காங்க, அதனாலதான் பயமா இருக்கு.

நான் திருமங்கலத்துல இருக்கேன், மதுரைல ஒரு ஸ்கூல்ல டீச்சர், தினமும் என் கார்லதான் போக வர. 2015 மாடல் பெட்ரோல் வண்டி, 4 சிலிண்டர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளி முடிஞ்ச வாரம் ஒரு வாட்டர் வாஷ் கடைல விட்டேன், அங்க இருந்த தம்பி எஞ்சினும் பளபளன்னு ஆக்கித் தரவா அக்கான்னு கேட்டான், நானும் சரின்னேன். வண்டி அப்பத்தான் ரோட்ல இருந்து வந்து நின்னிருக்கு, எஞ்சின் கொதிக்குது, அந்தச் சூட்டோடயே பிரஷர் கன்னை வச்சு தண்ணி அடிச்சுட்டான். பார்க்க என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பி வர்றப்ப கப்பலூர் பக்கம் வந்ததும் வண்டி உதற ஆரம்பிச்சுது, ஆக்சிலேட்டர் மிதிச்சா இழுவை இல்ல, டேஷ்போர்டுல அந்த மஞ்சள் எஞ்சின் லைட்டு விட்டு விட்டு எரியுது. அந்த லைட்டு நிலையா எரிஞ்சா மெதுவா ஓட்டி மெக்கானிக்கிட்ட போயிறலாம், விட்டு விட்டு எரிஞ்சா உடனே ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணிரணும், ஏன்னா எரியாத பெட்ரோல் அப்படியே புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் அங்க எரிஞ்சு அதையும் வீணாக்கிரும். இது எனக்கு அன்னைக்குத் தெரியாது. தெரியாமலே நிப்பாட்டினேன், அது என் நல்ல நேரம்.

எங்க தெரு மெக்கானிக் அண்ணன் வந்து ஸ்கேனரை மாட்டினதும் பி0303ன்னு ஒரு கோளாறு நம்பர் வந்துச்சு, கடைசி நம்பர்தான் சிலிண்டர், அதாவது மூணாவது சிலிண்டர் சரியா ஃபயர் ஆகல. பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற காயில்ல மூணாவதை மேல இழுத்தார். பிளக் உக்காந்திருக்கிற குழிக்குள்ள தண்ணி, ஒரு டீஸ்பூன் இருக்கும், டீத்தண்ணி கலர்ல அசையாம நிக்குது. நான் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன், அதுல என் டார்ச் வெளிச்சம் தெரியுது. அண்ணன் பிளக்கைக் கழட்டவே இல்ல, மொதல்ல ஸ்க்ரூ டிரைவர் முனைல துணியைச் சுத்தி அந்தத் தண்ணியை ஒத்தி ஒத்தி எடுத்தார், அப்புறம் காத்தடிச்சுக் காயவச்சார், அதுக்கு மேலதான் பிளக்ல கை வச்சார். அவசரப்பட்டு முன்னாடியே கழட்டியிருந்தா அந்த அழுக்குத் தண்ணி நேரா சிலிண்டருக்குள்ள இறங்கியிருக்கும்னு சொன்னார். காயிலோட ரப்பர் உறைக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் பச்சை பூத்துப் போயிருந்துச்சு, காயில் மாத்த வேண்டியதாப் போச்சு. வாட்டர் வாஷுக்குக் குடுத்தது 500, காயிலுக்கும் கூலிக்கும் சேர்த்து 3,000 ரூபாய்க்கு மேல.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபமே இல்லைங்க. வர்றவங்க எல்லாம் பளபளப்பு கேக்குறாங்க, அவனுக்கு யாரும் வேற எதுவும் சொல்லித் தரல. சொல்லித் தர வேண்டிய இடத்துல இருக்கிறது உங்க பேப்பர் மாதிரி இருக்கிறவங்கதான்.

இதைச் சொன்னா எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு, மழைல ஓட்டுறப்ப எஞ்சின் நனையாதா, அப்ப ஒண்ணும் ஆகலையேன்னு. கார் டயர்ல நாம வைக்கிற காத்து 32, 33 பிஎஸ்ஐ. வீட்டுக்கு வாங்குற சின்ன பிரஷர் வாஷர்லயே 100 பார், அதாவது 1,400 பிஎஸ்ஐக்கு மேல, டயர் காத்தை மாதிரி 40 மடங்குக்கும் கூட. ரோட்ல இருந்து கீழ தெறிக்கிற தண்ணிக்குத் தாங்குற மாதிரிதான் வயர் கனெக்டர்ல ரப்பர் சீல் வச்சிருக்காங்க, ஒரு அடி தூரத்துல இருந்து ஊசி மாதிரி பாயுற தண்ணிக்கு இல்ல. அதும் எட்டு பத்து வருஷம் எஞ்சின் சூட்டுல வெந்து அந்த ரப்பர் மொறுமொறுன்னு ஆயிருக்கும். உள்ள போன தண்ணி அன்னைக்கே வேலையைக் காட்டும்னு இல்ல, மூணு மாசம் கழிச்சு கனெக்டர் உள்ள இருக்கிற பின்னுல துரு ஏறி ஏதாவது சென்சார் தப்பாக் காட்ட ஆரம்பிக்கும், அப்ப வாட்டர் வாஷ் ஞாபகம் யாருக்கு வரும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற டைனமோவைப் பாருங்க, காத்து போறதுக்காக அதுல சுத்தியும் ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும், அதுக்குள்ள சோப்புத் தண்ணி போச்சுன்னா பேரிங் கத்த ஆரம்பிச்சிரும். முன்னாடி ரேடியேட்டர், ஏசி கண்டன்சர்ல இருக்கிற அலுமினிய இதழ்கள் வெறும் நகம் பட்டாலே மடங்கும், கன் அடிச்சா பாய் மாதிரி படுத்துரும், அப்புறம் காத்து எப்படிப் போகும், ஏசி எப்படிக் கூலாகும். எஞ்சின் புகை வெளிய போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூட்டுல கொதிச்சுக் கெடக்கும், அது மேல பச்சைத் தண்ணி பட்டா விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கு.

இன்னொண்ணு டீசல் வாஷ். தண்ணி அடிச்சு முடிச்சதும் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஸ்ப்ரே பண்ணி விடுறாங்க, புதுசு மாதிரி மின்னும். ரெண்டே நாள் மின்னும், அப்புறம் எங்க ஊர் கரிசல் புழுதி அதுல ஒட்டி மாவு பிசைஞ்ச மாதிரி அப்பிக்கும். ரப்பர் ஹோஸ், புஷ் எல்லாம் எண்ணெய் பட்டா ஊதி மெத்துனு ஆயிரும், சூடான எஞ்சின் மேல எரியுற பொருளைத் தடவுறதே தப்பு. கேட்டா வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிருங்க.

அப்ப எஞ்சினைச் சுத்தமே பண்ண வேண்டாமான்னு கேட்டா, பண்ணணும், கண்டிப்பாப் பண்ணணும், ஆனா வீட்டுல கையால. அன்னைல இருந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை காலைல நான் பண்றேன், ஒன்றரை மணி நேரம், அரை வாளித் தண்ணி. ராத்திரி முழுக்க நின்ன வண்டியா இருக்கணும், எஞ்சின் மேல உள்ளங்கையை வச்சா குளுமையா இருக்கணும். சில வண்டில சாவி எடுத்த பிறகும் சூடு இருந்தா ரேடியேட்டர் ஃபேன் தானாச் சுத்தும், அதனாலயும் ஆறுன எஞ்சின்தான் நல்லது. துப்பட்டாவைக் கழட்டி வச்சிருவேன், வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிரணும், பேட்டரி பாசிட்டிவ்லயும் பாடிலயும் ஒரே நேரத்துல வளையல் பட்டா ஷார்ட் ஆகி கை வெந்துரும், பெண்கள் இதை முக்கியமா ஞாபகம் வச்சுக்கணும். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டியா இருந்தா ஆரஞ்சு கலர் கேபிள் போகும், அது ஹை வோல்டேஜ், அந்தப் பக்கமே கை போகக் கூடாது.

துடைக்கிறதுக்கு முன்னாடி சும்மா அஞ்சு நிமிஷம் பாருங்க. இதைத்தான் யாரும் சொல்றதில்ல. எங்க ஈரமா எண்ணெய் கசியுது, எங்க கூலன்ட் காஞ்சு வெள்ளையா இல்லாட்டி பச்சையா படிஞ்சிருக்கு, எந்த ஹோஸ் வெடிச்சிருக்கு, எல்லாத்தையும் அந்த அழுக்கே காட்டிக்குடுக்கும். தண்ணி அடிச்சா அத்தனை சாட்சியும் போயிரும். பழைய கார் விக்கிறவங்க சிலர் காட்டுறதுக்கு முன்னாடி எஞ்சினைக் கழுவி வைக்கிறதும் இதுக்குத்தான். நான் கண்ட கசிவைத் துடைச்சு விட்டுட்டு ஒரு வாரம் கழிச்சு திரும்பப் பார்ப்பேன், புதுசா எங்க ஈரம் ஆரம்பிக்குதோ அதுதான் கசியுற இடம். போன சித்திரைல இப்படித்தான் எஞ்சின் மேல்மூடிக்கு அடில இருக்கிற டேப்பெட் கவர் கேஸ்கெட் போயிருக்குன்னு நானே கண்டுபிடிச்சு அண்ணன்கிட்ட சொன்னேன்.

அப்புறம் காஞ்ச அழுக்கு. வைப்பருக்குக் கீழ பிளாஸ்டிக் தட்டு இருக்கும்ல, அதுல வேப்பிலையும் பூவும் மக்கிப்போய் கெடக்கும், அதைக் கையால அள்ளி எடுத்துருங்க, அங்க தண்ணி வடியுற ஓட்டை அடைச்சா மழைத்தண்ணி காருக்குள்ள கால் வைக்கிற இடத்துல வந்து நிக்கும். ரெண்டு இஞ்ச் பெயின்ட் பிரஷ்ஷால எல்லா இடத்தையும் தட்டி விட்டாலே பாதி அழுக்கு போயிரும். டைனமோ, ஃபியூஸ் பாக்ஸ், காயில், காத்து உறிஞ்சுற வாய், இதுக்கெல்லாம் கழுவிக் காயவச்ச பால் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுருவேன். ஒரு லிட்டர் தண்ணில ஒரு மூடி கார் ஷாம்பு, அதை எஞ்சின் மேல ஸ்ப்ரே பண்ணாதீங்க, துணில ஸ்ப்ரே பண்ணி துணியால துடைங்க, இதான் முழு ரகசியமும். மூலைக்குப் பழைய டூத் பிரஷ், துடைக்கப் பனியன் வேஸ்ட், அது ஸ்பேர் பார்ட்ஸ் கடைலயே கிலோ கணக்குல கிடைக்கும். கிரீஸ் கறைக்கு டீகிரீசரை பிரஷ்ல மட்டும் தொட்டுத் தேய்க்கலாம். பாத்ரூம் டைல்ஸ் கழுவுற ஆசிட், காஸ்டிக் கலந்த கிரீஸ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அலுமினியம் வெளுத்துப் போயிரும், திரும்ப வராது. பிரேக் ஆயில் டப்பா, எஞ்சின் ஆயில் மூடி எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பார்த்துக்கோங்க. எல்லாம் முடிஞ்சதும் மறக்காம கவரை எல்லாம் எடுத்துட்டு பானட்டைத் திறந்தே வச்சு பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விட்டா ஈரம் காஞ்சிரும்.

பேட்டரி டெர்மினல்ல வெள்ளையாவோ நீலப் பச்சையாவோ பூத்திருந்தா 10 நம்பர் ஸ்பேனரால மொதல்ல நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் கழட்டணும், ஒரு டம்ளர் வெந்நீர்ல ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து பிரஷ்ஷால தொட்டுத் தேய்ச்சா நுரைச்சுப் பொங்கிட்டுக் கழண்டு வரும், ஆசிட்டும் சோடாவும் சேர்ற பொங்கல் அது, பேட்டரி மூடி வழியா உள்ள மட்டும் போயிறக் கூடாது. துடைச்சுக் காயவச்சு, திருப்பி மாட்டுறப்ப பாசிட்டிவ் மொதல்ல, மேல கொஞ்சம் வாஸ்லின். காலைல செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுன்னு புது பேட்டரி வாங்கப் போனவங்க ரெண்டு பேருக்கு நானே இதைச் செஞ்சு காமிச்சிருக்கேன், ஒருத்தருக்கு அதுலயே சரியாப் போச்சு.

மழைக்காலத்துல எலி வேற. போன கார்த்திகைல பானட்டைத் திறந்தா பேட்டரி பக்கத்துல தேங்காய் நாரும் பானட் அடில இருக்கிற பஞ்சும் சேர்த்து ஒரு கூடு, பக்கத்துல ஒரு வயரோட தோல் மட்டும் உரிஞ்சு செம்பு தெரியுது. அன்னைக்குப் பார்த்ததால ஒரு வயரோட போச்சு. சிலர் புகையிலைக் கட்டை வைக்கிறாங்க, சிலர் பாச்சா உருண்டை போடுறாங்க, ஹோண்டா கம்பெனி மிளகாய்க் காரம் தடவுன டேப்பே விக்கிறாங்க வயர்ல சுத்துறதுக்கு. என் அனுபவத்துல அடிக்கடி திறந்து சுத்தம் பண்ற வண்டில எலி கூடு கட்டி முடிக்க நேரம் கிடைக்கிறதில்ல. பூனைக்குட்டியும் சூட்டுக்கு வந்து படுக்கும், அதனால மழை நாள்ல காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானட்டை ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் நான் சாவி போடுறது.

தண்ணியைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2019ல சென்னை ஏரிங்க வறண்டு ஜனங்க குடத்தோட லாரிக்கு நின்னதை உங்க பேப்பர்லதான் படம் படமாப் பார்த்தோம். 2024 மார்ச்ல பெங்களூர்ல குடிதண்ணில கார் கழுவினா 5,000 ரூபா அபராதம்னு சொன்னாங்க. அரை வாளில முடியுற வேலைக்கு நூறு இருநூறு லிட்டரைக் கொட்டி, அந்த எண்ணெய்த் தண்ணியையும் சாக்கடைல விடணுமா?

கட்டுரைல விட்டுப்போன இன்னொண்ணு, தண்ணிக்குள்ள முங்குன வண்டி. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சப்ப தூத்துக்குடில எங்க சித்தி வீட்டு வண்டி ஜன்னல் வரைக்கும் தண்ணில நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்னு சித்தப்பா சாவியை எடுத்துட்டாரு, போன்லயே கெஞ்சி நிறுத்தினோம். எஞ்சினுக்குள்ள தண்ணி இருக்கப்ப செல்ஃப் அடிச்சா பிஸ்டன் தண்ணியை அமுக்க முடியாம அதைத் தள்ளுற கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு இழுத்துட்டுத்தான் போகணும்.

ஐயா, வர்ற ஞாயிறு அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, எஞ்சின் மேல பிரஷர் தண்ணி அடிக்காதீங்க, ஆறுனதும் ஈரத் துணியால துடைங்கன்னு ஒரு வரி போடுங்க. எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி உங்க கட்டுரையைக் கத்தரிச்சு கார் டேஷ்போர்டுல வச்சிருக்காரு, அடுத்த வாரம் வாட்டர் வாஷுக்கு விடப்போறேன்னு சொல்லிட்டிருக்காரு. நான் வேண்டாம்னு சொன்னா, பேப்பர்லயே போட்டிருக்காங்களே பாப்பா, அப்படின்னு சொல்றாரு. நீங்க சொன்னா கேப்பாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.