இருபது நிமிடத்தில் ஒரு கோட்டை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கென்யா பயணக் கட்டுரையை ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். மொம்பாசாவில் 11 வருடம் ஒரு தேயிலைக் கம்பெனியில் கணக்கு எழுதியவன் நான். ஐந்தாம் பக்கம் வரும்போது கையிலிருந்த காபி ஆறிவிட்டது. "மொம்பாசாவில் பழைய கோட்டை ஒன்றும் உண்டு, இருபது நிமிடம் போதும்" என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். ஆறு பக்கத்தில் நாலரைப் பக்கம் சிங்கம். சரி, சிங்கத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை.

அந்தப் பழைய கோட்டைக்கு ஃபோர்ட் ஜீசஸ் என்று பெயர். 1593இல் போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கியது, யுனெஸ்கோ பட்டியலில் 2011இல் சேர்ந்தது என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. 1696இல் முற்றுகை போட்ட ஓமானியர்களுக்கு உள்ளே நுழைய இரண்டே முக்கால் வருடம் பிடித்தது. உங்கள் கட்டுரையாளர் இருபது நிமிடத்தில் உள்ளே போய் வெளியேயும் வந்துவிட்டார். திறமைசாலிதான்.

உள்ளே ஒரு சுவரில் அந்தக் காலத்துப் போர்ச்சுகீசியர் கரியாலும் காவியாலும் கிறுக்கிய படங்களைக் கழற்றி எடுத்து வைத்திருக்கிறார்கள். கப்பலாக வரைந்து தள்ளியிருக்கிறான் யாரோ ஒருவன். ஊருக்குத் திரும்பும் ஏக்கமாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொள்வேன். முற்றுகையின்போது, 1697இல், கோட்டைக்கு எதிரிலேயே மூழ்கிய சாந்தோ அந்தோனியோ தெ தன்னா என்ற கப்பலிலிருந்து மேலே கொண்டுவந்த சாமான்களும் அங்கே இருக்கின்றன. அந்தக் கப்பல் கட்டப்பட்டது மும்பை பக்கத்து வசாயில். இதையாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆங்கிலேயர் 1895 முதல் 1958 வரை கோட்டையைச் சிறையாக வைத்திருந்தார்கள். வாசலில் இளநீர் விற்ற பெரியவர், "என் அப்பா டிக்கெட் வாங்காமலே உள்ளே தங்கியவர்" என்று என்னிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

காட்டுக்குள் இடிந்து கிடக்கும் பழைய ஊரான கெடியின் பெயரே கட்டுரையில் இல்லை. என் தங்கையும் மாப்பிள்ளையும் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு வந்தபோதும் இதே கதைதான். "கெடிக்கு ஏன் போகவில்லை?" என்று கூட வந்த மேனேஜரிடம் கேட்டேன். "அங்கே ஷாப்பிங் இல்லையே சார்" என்றார். மறுநாள் இருவரையும் மடாட்டு வேனில் ஏற்றி நானே கூட்டிப்போனேன். மலிந்தி சாலையில் வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். காட்டுக்குள் ஒரு முழு ஊர்: பவளக்கல்லில் கட்டிய மசூதி, அரண்மனை, வீட்டுக்குள்ளேயே கழிவறை. 17ஆம் நூற்றாண்டில் மக்கள் விட்டுப்போன பிறகு மரங்கள் குடியேறிவிட்டன. 1948இல் தோண்ட ஆரம்பித்தபோது எந்த வீட்டில் எது கிடைத்ததோ, அதையே வீட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். கத்தரிக்கோல் வீடு, சோழி வீடு, பீங்கான் கிண்ண வீடு, இரும்பு விளக்கு வீடு. அந்த விளக்கு இந்தியாவிலிருந்து வந்ததாம். "அண்ணா, நம்ம வீட்டைத் தோண்டினா எவர்சில்வர் டப்பா வீடுன்னு பேர் வைப்பாங்க" என்றாள் தங்கை. அவள் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு பிடுங்கிப்போனது தனிக்கதை. மொத்தப் பயணத்தில் இன்றைக்கும் அவள் பேசுவது அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

நைரோபி அருங்காட்சியகத்துக்கு "விமானத்துக்கு நேரமிருந்தால்" போகலாமாம். கென்யாவின் புதைபடிவ ஆய்வாளர் கமோயா கிமேயு 1984இல் கண்டுபிடித்த, துர்க்கானா சிறுவன் என்கிற ஆதிமனிதச் சிறுவனின் எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. சுமார் 15 லட்சம் வருடம் காத்திருந்தவன், உங்கள் விமானத்துக்காகக் கொஞ்சம் காத்திருக்க மாட்டானா?

இது இன்று நேற்று வந்த கோபமல்ல. முன்பு ஒருமுறை மொம்பாசா ரயில் பாதை பற்றித் தங்கள் இதழில் கட்டுரை வந்தது. "ஆங்கிலேயர் போட்ட பாதை" என்று தலைப்பு. 1896 முதல் 1901 வரை அந்தப் பாதையைப் போட இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன சுமார் 32,000 தொழிலாளர்களுக்கு ஒரு வரி கிடைத்தது. அவர்களில் இறந்த சுமார் 2,500 பேருக்கு அதுவும் இல்லை. ஆனால் அந்தத் தொழிலாளர்களைக் கொன்று தின்ற சாவோ சிங்கங்கள் இரண்டுக்கும் தனிப் பெட்டிச் செய்தி! நான் எழுதிய கடிதத்தை நாலு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். வெட்டிய வரிகளில்தான் அந்த எண்கள் இருந்தன. அதற்கும் முன்னால் தான்சானியாவைச் சேர்ந்த சன்சிபாரைக் கென்யா என்று போட்டது பற்றி எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததா என்றே தெரியவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழின் திருத்தப் பகுதியில், "இருபது நிமிடம் என்பதை அரை நாள் என்று படிக்கவும், கெடிக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளவும்" என்று போடுங்கள், போதும். இடம் இல்லையென்றால், சிங்கப் படத்தில் வால் பக்கமாகக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.

தங்கள் 30 ஆண்டு வாசகன்,
கும்பகோணம்