பழைய பாட்டு எப்போ எல்லாருக்கும் சொந்தமாகுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் என்கிட்ட கத்துக்கிற ஒரு பொண்ணு, பாக்ங்கிற ஜெர்மன் இசையமைப்பாளர் எழுதின சின்ன பீஸ் ஒண்ண வாசிச்சு வீடியோவா நெட்ல போட்டா, அஞ்சு நிமிஷம்கூட ஆகல, இதுல வேற ஒருத்தருக்குச் சொந்தமான இசை இருக்குன்னு மெசேஜ் வந்துடுச்சு, பயந்துபோய் உடனே டெலீட் பண்ணிட்டா. பாக் இறந்தது 1750-லங்க! வாசிச்சது அவளோட ரெண்டு கை. அப்புறம் அது யாருக்குச் சொந்தம்?

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. டியூனுக்கு ஒரு உரிமை, அத வாசிச்சுப் பதிவு பண்ண ரெக்கார்டிங்குக்கு வேற உரிமை. இந்தியாவுல டியூன் போட்டவர் இறந்த அடுத்த ஜனவரி 1-லேர்ந்து 60 வருஷம், ரெக்கார்டிங்குக்கு அது வெளியான அடுத்த ஜனவரியிலேர்ந்து 60 வருஷம். அதனால 1960-ல வந்த ஒரு இசைத்தட்டோட ரெக்கார்டிங் உரிமை 2020 கடைசியிலயே முடிஞ்சிருக்கும், ஆனா அந்த டியூன் போட்டவர் 1990-ல இறந்திருந்தா டியூனுக்கு 2050 டிசம்பர் 31 வரைக்கும் உரிமை இருக்கு. பாட்டு எழுதினவருக்குத் தனிக் கணக்கு. பாக் விஷயத்துல நேர் எதிர், டியூன் யார் வேணா வாசிக்கலாம், ஆனா போன வருஷம் ஒருத்தர் பதிவு பண்ணது அவரோடது, அத எடுத்துப் போட்டாதான் தப்பு. வீடியோக்களச் சரிபார்க்கிற கம்ப்யூட்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல, ஒரே ஸ்வரம் வந்தா ஒரே ரெக்கார்டிங்னு முடிவு பண்ணிடுது.

நாட்டுக்கு நாடு கணக்கு வேற. டியூனுக்கு ஐரோப்பாவுல, போட்டவர் இறந்து 70 வருஷம், அமெரிக்காவுல பழைய பாட்டுகளுக்கு வெளியான வருஷத்துலேர்ந்து 95, அதான் 1929-ல வந்த டியூன் அங்க 2025 ஜனவரி 1-லதான் பொதுச் சொத்தாச்சு.

உரிமை இல்லாமலே காசு வாங்குறதும் நடந்திருக்கு. 'ஹேப்பி பர்த்டே' பாட்டோட மெட்டு 1893-லயே அச்சாகி வந்தது, ஆனாலும் சினிமாவுல அதப் பாடணும்னா ரொம்ப வருஷமா ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டவேண்டியிருந்தது, கேஸ் போட்டப்புறம்தான் 2015-ல அமெரிக்க நீதிபதி அந்தக் கம்பெனிகிட்ட பாட்டு வரிகளுக்குச் செல்லுபடியான உரிமையே இல்லன்னு தீர்ப்பு சொன்னார். யாராவது ஒருத்தர் கேள்வி கேக்கற வரைக்கும் எல்லாரும் கட்டிக்கிட்டேதான் இருந்தாங்க, எனக்கு அதுதான் மனசு ஆறல.

டியூன் போட்டவங்க குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் கண்டிப்பா வரணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா கெடு முடிஞ்சதுன்னு எங்கேயும் யாரும் சொல்றதில்லயே! உங்க பத்திரிகையில வருஷா வருஷம் ஜனவரி முதல் வாரம், அந்த வருஷம் யார் யாரோட இசை பொதுவுக்கு வந்திருக்குன்னு ஒரு அரைப்பக்கம் போடுங்க, டியூன் தனியா ரெக்கார்டிங் தனியா. அந்தப் பொண்ணுக்கு நான் எல்லாத்தையும் விளக்கிச் சொல்லிட்டேன், ஆனா வீடியோவ மறுபடி போட இன்னும் தயங்குறா. என் வார்த்தைய விட அச்சுல வந்தா நம்புவா.

இப்படிக்கு,
ஒரு கீபோர்டு டீச்சர்