பென்சில் கரி

அன்புள்ள மாப்பிள்ளை,

மூன்று மாதமாக உன் போனை நான் எடுக்கவில்லை. அதற்குச் சொல்லியனுப்பிய காரணங்கள் எல்லாம் பொய். ஜுரம் பொய், போன் தண்ணீரில் விழுந்தது பொய், நம் மொட்டைப் பயல் வீட்டு விசேஷத்துக்கு வராததற்குச் சொன்னது மட்டும் பாதி நிஜம். உண்மையான காரணம் உன் கத்தி. என் கைக்குள் வைத்து அமுக்கிக் கொடுத்தாயே, அந்த டைட்டானியம் மடக்குக் கத்தி. அதை நான் கெடுத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். "கத்தி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுவாயோ என்றுதான் ஒளிந்து திரிந்தேன்.

இனிமேல் ஒளிய வேண்டியவன் நான் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் அப்படியேதான். பெரியவள் வேலை மாறிவிட்டாள். பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்று இந்தக் கதையிலும் வருகிறது. சரி, கத்திக்கு வருவோம்.

வந்த முதல் இரண்டு வாரம் சின்னப்பிள்ளை மாதிரி அதைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தேன். அந்த நாக்கை விரலால் தட்டினால் பிளேடு சீறிக்கொண்டு வந்து நிற்கிற சத்தம் இருக்கிறதே, வீட்டில் எல்லோருக்கும் தலைவலி. அப்புறம் ஒரு நாள் பார்சல் ஒன்றைப் பிரித்துவிட்டு மூடப் பார்த்தேன். திறந்த பிளேடைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு நகரவில்லை. கட்டைவிரலால் தள்ளுகிறேன், சிமெண்டில் பதித்த மாதிரி நிற்கிறது. இன்னும் அமுக்கினேன். 'டிக்'கென்று ஒரு சத்தத்தோடு திடீரென்று விட்டுக்கொடுத்தது. விட்ட வேகத்தில் பிளேடு இறங்கி ஆள்காட்டி விரலை உரசிவிட்டுப் போனது. தையல் போடும் அளவுக்கு இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது: இறுகிப்போன பூட்டில் ஆபத்து அது இறுகியிருக்கும்போது இல்லை, விடுகிற அந்த நொடியில்தான். நாம் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம், விரல் எங்கே இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

பிறகு என்ன செய்தேன் என்று கேட்காதே. சரி, கேள். எண்ணெய் அடித்தேன். கீச்சிடும் கதவுக்கு அடிக்கிற அதே ஸ்ப்ரேயை, கைப்பிடியைத் திறந்து பிடித்து, உள்ளே தாராளமாக. ஒட்டுகிற இடத்தில் எண்ணெய் விட்டால் வழுக்கும் என்பது என் விஞ்ஞானம். வழுக்கத்தான் செய்தது, ஆனால் உள்பக்கமாக. லாக் பார், அதாவது பூட்டாக வேலை செய்கிற அந்த வளைந்த தகடு, முன்பைவிட ஆழமாகப் போய் உட்கார்ந்து, முன்பைவிட மோசமாக இறுகிக்கொண்டது.

அன்றைக்குத் தங்கை மகன் வந்திருந்தான். உனக்குத் தெரியுமே, தினமும் கம்பியில் தொங்குகிறவன், சட்டைக் கைக்குள் புஜம் அடங்காதவன். அவனிடம் கொடுத்தேன். முகம் சிவக்கத் தள்ளினான், நகரவில்லை. இந்தப் பயலை நினைவில் வைத்துக்கொள், பின்னால் சாட்சிக்கு வருவான்.

கடைசியில் வழி கிடைத்தது தற்செயலாகத்தான். பிளேடை மூடுகிற பக்கம் இல்லாமல், இன்னும் திறக்கிற பக்கமாக முதுகைப் பிடித்து அழுத்திக்கொண்டே லாக் பாரைத் தள்ளினால் சத்தமில்லாமல் விடுகிறது. திறந்த பிளேடை முட்டி நிறுத்துகிற சின்ன முளையில், அதாவது ஸ்டாப் பின்னில், பிளேடு போய் நன்றாகச் சாய்ந்துகொள்வதால் பூட்டின் மேல் இருக்கிற இறுக்கம் தளர்கிறது. இத்தனை நாள் மூடுகிற அவசரத்தில் பிளேடை நாமே பூட்டின் மேல் தள்ளிக்கொண்டு, பூட்டு விடவில்லை என்று திட்டியிருக்கிறோம்.

இதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பத்து நாள் வேறு பேச்சில்லை.

கைப்பிடியின் உள்தகடு பூட்டாகிற லைனர் லாக்கை மைக்கேல் வாக்கர் 1980களில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது, க்ரிஸ் ரீவ் உள்தகடே வேண்டாம் என்று கைப்பிடியையே பூட்டாக்கியது, அவர் கத்தியின் பெயரான செபென்ஸா என்றால் ஜூலு மொழியில் 'வேலை' என்பது, இதையெல்லாம் நீ மூன்று கல்யாணப் பந்தலில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பூட்டு ஓர் ஆப்பு என்று ஒரு தடவையாவது சொன்னாயா? கைப்பிடித் தகட்டில் கீற்று வெட்டி, ஒரு பகுதியை உள்பக்கம் வளைத்து விட்டிருக்கிறார்கள். பிளேடு திறந்ததும் அது துள்ளி உள்ளே வந்து பிளேடின் பின்முனைக்கு முட்டுக் கொடுக்கிறது. அந்தப் பின்முனை நேராக இல்லை, சரிவாக இருக்கிறது. பொதுவாக 8 டிகிரிக்குப் பக்கம். அப்படியானால் லாக் பார் 1 மி.மீ. உள்ளே நகர்ந்தால் 0.14 மி.மீ. இடைவெளிதான் அடைபடும். நாளாக நாளாகத் தேய்ந்தாலும் பூட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போய் ஆட்டமில்லாமல் பிடித்துக்கொள்வதற்குத்தான் இந்த ஏற்பாடு. சரிவு கூடிப்போனால் அழுத்தும்போது வழுக்கிவிடும், விரல் போகும். குறைந்துபோனால் மரம் பிளக்க அடித்த ஆப்பு மாதிரி இறுகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதைதான்.

இதில் டைட்டானியத்தின் குணம் வேறு. பிளேடு எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டி இருக்கும். கைப்பிடிக்கு வழக்கமாகப் போடும் டைட்டானியக் கலவை 36 அளவில்தான். மென்மையாக இருந்தால் போகட்டும், அதற்கு ஒட்டிக்கொள்கிற புத்தியும் உண்டு. மேலே இருக்கிற மெல்லிய ஆக்சைடு படலம் அழுத்தி உரசும்போது கிழிந்துவிட்டால், அடியில் இருக்கிற வெறும் உலோகம் எஃகைப் பிடித்துக்கொள்ளும். பிரிக்கும்போது ஒரு துணுக்கு அங்கேயே தங்கிவிடும். அடுத்த முறை டைட்டானியமும் டைட்டானியமும் உரசும். அது இன்னும் மோசமான கூட்டு. அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் முட்டும் முகத்தில் மின் தீப்பொறி கொண்டு டங்ஸ்டன் கார்பைடு பதிக்கிறார்கள். சிலர் கழற்றி மாற்றக்கூடிய எஃகுத் துண்டு ஒன்றைத் திருகி வைக்கிறார்கள். செபென்ஸா 31இல் ஒரு பீங்கான் குண்டு போய் முட்டுகிறது. உன்னுடையதில் இது எதுவும் இல்லை. வெறும் டைட்டானியம். அந்தக் காசுக்கு ஒரு துண்டு எஃகு வைத்திருக்கலாம் என்று உன் சார்பாக நானே கோபப்பட்டுக்கொண்டேன்.

அப்புறம் மார்க்கர் சோதனை. பின்முனையில் கறுப்பு மார்க்கரைப் பூசி, காயவிட்டு, பத்து முறை திறந்து மூடினேன். மை அழிந்த இடம்தான் உண்மையில் உரசுகிற இடம். பட்டையாக அழியும் என்று பார்த்தால் நூல் கனத்தில் ஒரே ஒரு கோடு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தக் கோட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருக்கிறது. கீறல் இல்லை, மேடு. உன் கைப்பிடியின் டைட்டானியம்தான் பிளேடில் போய்க் குடியேறியிருக்கிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மெதுவாகத் திறந்தால் லாக் பார் பின்முனையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுகொள்கிறது, ஒட்டுவதே இல்லை. உன்னைப் போல் தட்டி வீசினால் பாதியைத் தாண்டுகிறது. போதாக்குறைக்கு, திறக்கும்போது என் விரல்கள் லாக் பார் மேலேயே இருக்கின்றன. ஆப்பை நானே தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மொட்டைக்குச் செய்தி எப்படியோ எட்டி, அரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "ரெண்டு இழு இழுத்தா சரியாயிடும்." வாசலிலேயே நிறுத்திவிட்டேன். அரம் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, சரிவு கால் டிகிரி மாறினாலும் பூட்டின் குணமே மாறிவிடும். அவன் முன்பு சரிசெய்து கொடுத்த சைக்கிளை நினைத்துக்கொண்டேன்.

பிரித்தேன். ஆமாம், பிரித்துவிட்டேன். வாரண்டி போயிருக்கலாம், மன்னித்துக்கொள். டி8 டார்க்ஸ் என்கிற நட்சத்திரத் திருப்புளி முனை, வெள்ளைத் துணி, ஒவ்வொரு திருகுக்கும் ஒரு போட்டோ. பிளேடு சுழலும் அச்சான பிவட் திருகில், தளராமல் இருக்க நீலப் பசை போட்டிருந்தார்கள், பொறுமையாகத் திருகியதும் வந்தது. வாஷர் ஒன்றைக் கறுப்புக் குட்டி காலால் தட்டி அலமாரிக்கு அடியில் அனுப்பிவிட்டது. இரண்டு மணி நேரம் தரையில் படுத்துத் தேடினோம், நானும் என் முழங்காலும்.

இப்போது கவனமாகப் படி.

ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை லாக் பாரின் முகத்தில் வைத்துத் தேய்த்தேன். கறுப்பாக வந்தது. மார்க்கர் மைதான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் மை என்றால் ஆல்கஹாலில் கரைய வேண்டும், இது கரையவில்லை. விரலிடுக்கில் தேய்த்தால் வெள்ளி மாதிரி மினுங்குகிறது. கீற்றின் மூலையை ஊசியால் கிண்டினேன். உள்ளேயிருந்து விழுந்தது, கடுகில் பாதி அளவுக்கு ஓர் உடைந்த பென்சில் முனை.

திருட்டுப் பயலே!

பென்சில் கரியைத் தேய்த்து ஒட்டாமல் வைத்திருந்து, அதை எனக்குப் பரிசாகத் தள்ளிவிட்டிருக்கிறாய். கரி சில நாள்தான் தாங்கும். நீ பூசியது என் கையில் தீர்ந்துபோனது, மிச்சமிருந்ததை என் எண்ணெய் கெடுத்தது. மூன்று மாதம் நான் குற்றவாளி மாதிரி ஒளிந்தேன்! கடிதத்தில் வசை எழுதக் கூடாது என்று வாத்தியார் சொல்வார், இல்லையென்றால் இந்தப் பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நன்றாகத் திட்டிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கத்தியைக் கொடுத்த அன்று நீ என்ன சொன்னாய் என்று யோசித்தேன். கட்டைவிரலை ஆட்டிக் காட்டி, "இது ரிடையர் ஆயிடுச்சு, இனிமே இந்தப் பூட்டெல்லாம் எனக்குச் சரிப்படாது, நீ வெச்சுக்கோ" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். போன மாதம் உன் சின்னவள் என் பெரியவளிடம் பேசும்போது, அப்பா கடிகாரம் பிரிப்பதையே விட்டுவிட்டார், பெட்டியோடு யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று சொன்னாளாம். அப்போது எனக்கு அது காதில் ஏறவில்லை.

நீ என்னை ஏமாற்றவில்லை, அது இப்போது புரிகிறது. பூட்டு ஒட்டுகிறது என்று உனக்குத் தோன்றவே இல்லை. உன் விரலில் பலம் போய்விட்டது, அதைக் கத்திக்காரன் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பென்சிலைத் தேய்த்திருக்கிறாய். அப்படித்தானே? இல்லை என்றால் இல்லை என்று எழுது, நம்புகிறேன்.

அதனால் சாட்சியைக் கூப்பிடுகிறேன். கம்பியில் தொங்குகிற பயலாலும் தள்ள முடியவில்லை. இருபத்திரண்டு வயது. உன் விரலில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் டாக்டரிடம் காட்டு, வலிக்கிறதா, மரத்துப்போகிறதா என்று அவர் கேட்டுப் பார்க்கட்டும். இந்தப் பூட்டை வைத்து நீயே முடிவு கட்டியிருந்தால், அந்தக் கணக்கு தப்பு. கடிகாரப் பெட்டியை யாரிடம் கொடுத்தாய்? வாத்தியாரிடம் என்றால் நான் போய் வாங்கி வருகிறேன், அவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

மீதி வேலை சுருக்கமாக. மெல்லிய மரக்குச்சியின் முனையில் உலோகப் பாலிஷ் தொட்டு, பிளேடின் பின்முனையில் அப்பியிருந்ததை மட்டும் தேய்த்தேன். பத்து முறை தேய்ப்பது, துடைப்பது, பூதக்கண்ணாடியில் பார்ப்பது, மறுபடியும் பத்து. ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. லாக் பார் பக்கம் கையே வைக்கவில்லை. ஸ்டாப் பின்னில் ஒரு பக்கம் லேசாகத் தட்டையாகியிருந்தது, அதைச் சற்றுத் திருப்பிப் போட்டேன். பிவட்டுக்கு ஒரே ஒரு துளி எண்ணெய், பூட்டு முகத்துக்கு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்து, லாக் பாரைத் தொடாமல் பிடித்து, முந்நூறு முறை மெதுவாகத் திறந்து மூடினேன். இப்போது மார்க்கர் பூசினால் பட்டையாக அழிகிறது. வீசித் திறந்தால் எப்போதாவது ஒரு முறை அந்த 'டிக்' கேட்கிறது, ஆனால் ஒரு விரலுக்கே விடுகிறது. சத்தம் கூடினால் தயாரித்தவர்களுக்கே அனுப்பிவிடு. முகத்தைச் செதுக்குவது அவர்கள் வேலை. நான் பிரித்ததை மறைக்காமல் சொல்லிவிடு.

ஆம், அனுப்பிவிடு என்று உன்னைத்தான் சொல்கிறேன். கத்தி இந்தப் பார்சலிலேயே இருக்கிறது. முதலில் கடிதத்தைப் படி என்று மேலே பெரிதாக எழுதியிருக்கிறேன், நீ அதைப் பார்க்காமல் பிரித்திருப்பாய். உன் கட்டைவிரலால் மூடிப் பார்த்துவிட்டு இரவு போன் செய். எடுப்பேன்.

பென்சில் முனையையும் ஒரு காகிதத்தில் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். உன் பொருள், என்னிடம் எதற்கு.

உன்,
ஒளிந்து திரிந்தவன்