‘மர்ம ஒளி’ என்று போடுவதற்கு முன் மூன்று கேள்வி

செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

மொட்டை மாடியில் பாய் விரித்து வானம் பார்க்கிறவன் நான். ‘வானில் மர்ம ஒளி, மக்கள் பீதி’ என்று உங்கள் திரையில் பட்டை ஓடினால், அன்று இரவு என் போன் ஓயாது.

போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி வீடியோவோடு ஓடி வந்தார். கறுப்புத் திரையில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு வட்டம் துள்ளிக்கொண்டிருந்தது. “உள்ளே என்னமோ சுத்துது பாருங்கண்ணே” என்றார். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஏழு மணி, மேற்கே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. மறுநாள் ஏழு மணிக்கு அவரையே மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அதே தொட்டிக்கு மேலே, அதே ஒளி. வெள்ளிக் கோள். ஜூம் செய்ததில் ஃபோகஸ் விட்டுப்போய்ப் புள்ளி வட்டமாக ஊதிவிட்டது. துள்ளியது அவர் கை.

அதற்குள் அந்த வீடியோ ஒரு சேனலில் ஓடி முடிந்திருந்தது. நேரம் இல்லை, திசை இல்லை. திகில் இசை மட்டும் இருந்தது.

ஏமாறுவதைக் குறை சொல்லவில்லை. லடாக்கில் நம் ராணுவ வீரர்களே ஏமாந்திருக்கிறார்கள். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை எல்லைக்கு மேலே 329 முறை ஒளிகளைப் பார்த்து, சீன உளவு விமானமோ என்று குறித்து வைத்தார்கள். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து சொன்னது: வியாழனும் வெள்ளியும். அங்கே விடை கிடைத்தது, பார்த்ததை முறையாகக் குறித்து வைத்திருந்ததால்தான்.

எல்லாமே கோள் என்றும் சொல்ல வரவில்லை. 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்தில் பலர் பார்த்த ஒளி, ஒடிசா கடற்கரைத் தீவிலிருந்து ஏவிய அக்னி-5. தரையில் இருட்டிய பிறகும் மேலே வெயில் இருக்கும்; ஏவுகணையின் புகை அதில் பளபளக்கும். அதே வருடம் ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் தீக்கோடுகள் தெரிந்தன. சீன ராக்கெட் ஒன்றின் பாகம் காற்றுமண்டலத்தில் எரிந்து விழுந்திருக்கிறது. சந்திரப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பெரிய உலோக வளையமே வந்து விழுந்தது.

அதனால்தான் எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதையும் கேட்கச் சொல்கிறேன். எரிகல் ஓரிரு நொடியில் முடிந்துவிடும். ராக்கெட் குப்பை சாவகாசமாக, துண்டு துண்டாக உடைந்தபடி ஒரு நிமிடம்கூடப் போகும். சர்வதேச விண்வெளி நிலையம் கண் சிமிட்டாமல் நாலைந்து நிமிடத்தில் வானைக் கடந்துவிடும். சில நாள் நடு வானிலேயே அணைந்து போகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கும், அவ்வளவுதான். ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் புள்ளிகள் போனால் பெரும்பாலும் ஸ்டார்லிங்க், அதாவது இணையச் சேவைக்கான செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தடவையாக 60 செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏவியதிலிருந்து இந்த ‘வேற்றுக்கிரக ரயில்’ செய்தி உங்களுக்கு வற்றாத தீனி.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். வீடியோ அனுப்பியவரிடம் உங்கள் நிருபர் மூன்றே கேள்வி கேட்கட்டும்: எப்போது, எந்தத் திசை, எவ்வளவு நேரம். முடிந்தால் எவ்வளவு உயரம் என்றும். கையை நீட்டி முட்டி மடக்கினால் ஒரு முட்டி ஏறக்குறைய பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி என்று சொன்னால் போதும். அதைப் பட்டையில் போடுங்கள். ‘மர்மம்’ என்ற சொல்லை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. பார்க்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை போனில் நட்சத்திர வரைபடத்தைத் திறந்து, விளம்பர இடைவேளைக்குள் பெயரைச் சொல்லிவிடும்.

இப்படிக்கு,
மாடியில் பாயோடு ஒருவன்