கல்லைத் தொடும் முன்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி 2025 மார்ச் 31-ஆம் நாளோடு முடிந்த ஆண்டில் கரடுமுரடான பாதைகளில் ஜீப் வகை வண்டிகளை ஓட்டும் நமது சங்கம் ஆற்றிய பணிகளை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி கூடியிருக்கும் இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. நடவடிக்கைகள் குறிப்பேட்டில் உள்ளன. பார்க்க விரும்புவோர் இன்று மாலை வரை பார்க்கலாம். ஆகவே கூட்டங்களைப் பற்றி இங்கு விரித்துச் சொல்லவில்லை. அறிக்கையின் பெரும்பகுதியை, தை மாதத்தில் பேரையூர்ப் பக்கம் நாம் சென்ற கல்பாதையில் நடந்தவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் பொறுப்பேற்ற நாள் முதல், நம் சங்கத்தை அந்த அளவுக்கு யோசிக்க வைத்த நிகழ்ச்சி வேறில்லை.

மதுரையைச் சுற்றிப் பாறைக்குக் குறைவில்லை என்றும், வண்டி ஓட்ட இடமா இல்லை என்றும் புதிய உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். யானைமலை, நாகமலை, கீழக்குயில்குடிச் சமணர் மலை, மாங்குளம், கீழவளவு என்று நம் கண்ணில் படும் குன்றுகளில் பலவும் சமணர் படுக்கைகளும் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டுகளும் தாங்கி நிற்பவை. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே மலையடிவாரம் முழுவதும் காப்புக்காடு. அதற்கு மேலே 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். இவை எதிலும் நம் சக்கரம் படக் கூடாது என்பது சங்கத்தின் நிலையான முடிவு. ஈராயிரம் ஆண்டுகளாகக் காக்கப்பட்டு வந்த பாறையில் டயர்த் தடம் விடுவதை எந்தத் திறமையாலும் நியாயப்படுத்த முடியாது என்றே நான் கருதுகிறேன். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டார மக்கள் போராடிய மாதங்களில், நாம் அத்திசையில் திட்டமிட்டிருந்த ஒருநாள் பயணத்தையும் கைவிட்டோம். மக்கள் தங்கள் மண்ணைப் பற்றிக் கவலையில் இருக்கும்போது அங்கே வண்டிகளை வரிசையாகக் கொண்டு போவது முறையல்ல. அந்த ஏலத்தை 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ரத்து செய்தது. ஆக நமக்கு மிஞ்சுபவை உரிமையாளர் அனுமதி தந்த பட்டா நிலங்களும், ஊர்ப் பொதுவில் கிடக்கும் பழைய வண்டிப்பாதைகளும்தான்.

ஆனி மாதத்தில் சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேட்டுக்குச் சென்று வந்தோம். குதிரைமொழித் தேரி காப்புக்காடு ஆதலால் அதைத் தொடாமல், தேரியின் ஓரத்தில் பனையும் முந்திரியும் நிற்கும் தனியார் நிலம் ஒன்றில் அனுமதி பெற்று ஓட்டினோம். இரும்புத் துருவின் நிறம் ஏறிய அந்தச் செம்மணலைத் தென்மேற்குக் காற்று நாள் முழுவதும் நகர்த்திக்கொண்டே இருப்பதால், காலையில் நாம் போட்ட தடம் மாலையில் இல்லை. டயர்க் காற்றை 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மணலின்மேல் மிதப்பது போலச் செல்லும் என்பதையும், நிறுத்தும்போது பிரேக்கை மிதிக்காமல் வண்டியைத் தானே ஓய விட வேண்டும் என்பதையும் அங்கே எல்லோரும் கைப்பழக்கமாகக் கற்றார்கள். தமிழ்நாட்டில் பாலைவனம் என்று சொல்லத்தக்க நிலம் அதுதான். ஆயினும் அதில் ஓட்டிய பழக்கத்தோடு கல்பாதைக்குப் போனால் வண்டி உடையும் என்பதை அப்போது நாம் உணரவில்லை.

ஆவணியில், மஸ்கட்டில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஊர் திரும்பியிருக்கும் நம் மூத்த உறுப்பினர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வகுப்பு எடுத்தார். ஓமானின் ஹஜர் மலைத்தொடரில், அல் ஹம்ராவுக்கும் ருஸ்தாக்குக்கும் இடையே வாதி பனீ அவ்ஃப் வழியாகச் செல்லும் பாதை, வளைகுடாவில் கல்பாதை ஓட்டும் எல்லோரும் அறிந்த ஒன்று. அரபியில் வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகையில் ஆண்டின் பெரும்பகுதி சொட்டு நீர் இராது. ஆனால் மேலே மலையில் எங்கோ பெய்த மழை, படுகையில் நிற்பவர் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். வெள்ளம் ஓடும் வாதிக்குள் தெரிந்தே வண்டியை இறக்குவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். வெள்ளம் வடிந்த பின், நேற்று வரை வழியாக இருந்த இடத்தில் ஆளுயரக் கல் கிடக்கும். வழியைப் புதிதாகத்தான் தேட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர், “அங்கே ஒரு கல் கிடந்தா, வெள்ளம் போட்ட கல்லுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம், நம்ம ஊர்ல அப்படிச் சொல்ல முடியாது” என்றார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

அவர் கற்றுத் தந்தவற்றில் முதன்மையானது கல்லின் அளவைக் கண்ணால் எடைபோடுவது. நம் உறுப்பினர்களிடம் அதிகம் உள்ள மஹிந்திரா தார் வண்டியின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், மாருதி ஜிம்னிக்கு 210. அதாவது ஏறக்குறைய ஒரு சாண். அதுவும் வண்டியில் ஆளும் சாமானும் ஏறாதபோது உள்ள கணக்கு. ஆகவே சாண் உயரத்துக்கு மேற்பட்ட கல்லை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுத் தாண்ட நினைக்கக் கூடாது. சக்கரத்தை அந்தக் கல்லின் தலைமீதே ஏற்ற வேண்டும். சக்கரம் ஏறினால் வண்டியின் வயிறும் சேர்ந்து உயரும். கல்லைத் தவிர்க்கத் தோன்றுவது மனித இயல்பு என்பதால், இதைப் பழக்கிக்கொள்ள வெகுநாள் ஆகிறது. அடுத்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம். தாருக்கு 2,450 மில்லிமீட்டர், ஐந்து கதவு ஜிம்னிக்கு 2,590. நீளம் கூடக் கூட, முகடு போன்ற பாறையில் நடுவயிறு தட்டும் வாய்ப்பும் கூடும். ஆகவே தார் போன தடத்திலேயே ஜிம்னியும் போகலாம் என்று எண்ணக் கூடாது. நான்கு சக்கரங்களையும் மெதுவாக, கூடுதல் விசையோடு இயக்கும் ஃபோர் லோவில், முதல் கியரில், கிளட்சை விட்டுவிட்டு, எஞ்சினின் இழுவையிலேயே நடை வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து செல்ல வேண்டும். பாதிக் கிளட்சில் ஏறினால் பிளேட் கருகும். கல்லுக்கு டயர்க் காற்று 18 முதல் 20 வரை இருந்தால் டயர் கல்லின் முனையைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் காற்றை இறக்கும்போது டயரின் பக்கவாட்டு வெளியே பிதுங்குகிறது; நம் பக்கத்துப் பாதைகளில் இருபுறமும் சீமைக் கருவேலம் நிற்பதால், பிதுங்கிய பக்கவாட்டில் முள் ஏறினால் பஞ்சர் ஒட்டவும் இயலாது. இந்த ஆண்டு நாம் இழந்த டயர்கள் எல்லாம் அப்படித்தான் போயின. நல்ல ஸ்டெப்னி இல்லாத வண்டியை இனிப் பயணத்தில் சேர்ப்பதில்லை.

இனிப் பேரையூர்ப் பயணம். மழைக்காலம் முடிந்து, தை மாதத்தில் ஏழு வண்டிகளோடு சென்றோம். காப்புக்காட்டு எல்லைக்குக் கிழக்கே, பட்டா நிலங்களுக்கும் ஒரு கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்கும் இடையே செல்லும் பழைய மாட்டுவண்டிப் பாதை அது; நில உரிமையாளர்களிடம் அனுமதி பெற்றிருந்தோம். பாதை ஓரிடத்தில் வரத்துக்காலுக்குள் இறங்கி மறுகரை ஏறுகிறது. இறங்கும் இடத்தில் பெரும் கற்கள் குறுக்கே கிடந்தன. மழை வெள்ளம் உருட்டி வந்தவை என்று எல்லோரும் ஒரே குரலாக முடிவு செய்தோம். கடப்பாரையும், வண்டியில் பொருத்திய இழுவைக் கருவியான வின்ச்சும் கொண்டு ஒரு மணி நேரத்தில் பெரிய கற்களை ஓரமாக இழுத்துப் போட்டு வழி ஏற்படுத்திக்கொண்டோம். யாரும் இறங்கிப் போய்க் கற்கள் கிடந்த விதத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், வெள்ளம் போட்ட கல் நீரோட்டத்தின் திசையில் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருக்கும் என்பதும், இவை கரைக்குக் கரை நேர்வரிசையில், இடுக்குகளில் சிறுகல் செருகப்பட்டு நின்றன என்பதும் விளங்கியிருக்கும்.

மறுகரை ஏறும்போது இரண்டாவது வண்டி, நான்கு ஆட்களும் சாமானுமாகத் தாழ்ந்திருந்த நிலையில், ஒரு கல்லை நடுவே விட்டுத் தாண்ட முயன்றது. தேரியில் பழகிய வேகம் காலில் இருந்தது. ஆயில் சேம்பர் விரிசல் விட்டு எண்ணெய் வரத்துக்காலின் மணலில் கொட்டியது. நீர் ஓடும் நாளாக இருந்திருந்தால் அது கண்மாய்க்கே போயிருக்கும். எண்ணெய் ஊறிய மணலை அள்ளி உரச்சாக்குகளில் கட்டி மதுரைக்குக் கொண்டுவந்தோம். வண்டியை இழுக்கும்போது, சேஸிஸில் பிணைத்த கொக்கியை விட்டுவிட்டு, லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கென்று அமைந்த சிறு வளையத்தில் கயிற்றை மாட்டினார்கள்; அது பிய்ந்துகொண்டு பறந்தது. கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் எல்லோரும் நிற்க வேண்டும் என்று அன்று வழிகாட்டியாக இருந்த நம் பெண் உறுப்பினர் உரக்கச் சொல்லி விலக்கியிருந்ததால்தான் யாருக்கும் காயமில்லை. அவருக்கு இப்பொதுக்குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன்.

மாலையில் திரும்பி வந்தபோது, கற்களை அகற்றிய இடத்தில் ஊர்க்காரர்கள் சிலர் காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. “தம்பி, ராத்திரியில மணல் அள்ளுற டிராக்டர் இறங்கக் கூடாதுன்னு ஊரே சேர்ந்து போட்ட கல்லு இது. நீங்க வழியைத் திறந்து விட்டுட்டீங்க” என்றார். வரத்துக்காலில் மணலை அள்ளினால் படுகை தாழ்கிறது. தாழ்ந்தால் நீர் கண்மாய்க்குத் திரும்பும் வாய்க்கு ஏறாமல் கீழே ஓடிவிடுகிறது. கண்மாய் நிரம்பாவிட்டால் மடையைத் திறப்பதற்கு ஏதுமில்லை. அந்தக் கல்வரிசையின் பின்னால் ஓர் ஊரின் நெல் இருந்தது. நாம் அதை ஒரு மணி நேரத்தில் கலைத்தோம். அன்றிரவு அங்கே டிராக்டர் இறங்கியதா என்பதை நான் விசாரித்தேன், இறங்கவில்லை. அதற்காக நம் தவறு சிறிதாகிவிடாது.

மறுநாள் தலைவரும் நானும் அவ்வூருக்குச் சென்று, சாவடியில் பெரியவர்கள் முன் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த ஞாயிறு மூன்று வண்டிகளும் பதினொரு உறுப்பினர்களும் சென்று கற்களைத் திரும்ப வைத்தோம். முந்தைய வாரம் சொன்ன அதே பெரியவர் கரையில் நின்று ஒவ்வொரு கல்லுக்கும் இடம் காட்டினார்: அகன்ற முகம் மேல்நீர்ப் பக்கம் பார்க்க வேண்டும், அடிக்கல் பாதியளவு மண்ணில் புதைய வேண்டும், இடையில் செருகும் சில்லுக்கல் ஆட்டினாலும் அசையக் கூடாது. கலைக்க ஒரு மணி நேரம் ஆன வேலையை முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நண்பகலில் அந்தப் பெரியவர் வீட்டு அம்மா எங்கள் எல்லோருக்கும் கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார்.

இதன் பின் செயற்குழு எடுத்த முடிவுகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். எந்தப் பாதையானாலும் பயணத்துக்கு முந்தைய வாரம் இருவர் அதை முழுவதும் நடந்து பார்த்து வர வேண்டும். நில உரிமையாளரிடம் அனுமதி பெறுவதோடு நில்லாமல், ஊரிலும் ஆடு மேய்ப்பவர்களிடமும் வழியில் கிடக்கும் கல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டு விடை கிடைக்காத கல்லை அசைக்கக் கூடாது. வேறு வழி இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். ஏறுவதற்காக நாமே அடுக்கும் கல்லை, கடைசி வண்டி கடந்ததும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். ஒரு தடைக்கு ஒரே வழிகாட்டி. அவர் கைச்சைகையை மட்டும் ஓட்டுநர் பார்க்க வேண்டும். பயணத்தின் வேகம் குறைகிறது என்று சில உறுப்பினர்கள் வருந்துவதை அறிவேன். குறையட்டும்.

வண்டி மாற்றங்களைப் பற்றி ஒரு சொல். உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாக்கியிருக்கிறது. வண்டியின் முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புகளான புல் கார்டுகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு ஒன்றிய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அவற்றைப் பொருத்தியிருப்போர் கழற்றிவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பழைய எஃகு வின்ச் கம்பிகளுக்குப் பதிலாக நார்க் கயிறுகளும், சங்கத்துக்கென ஒரு காற்றுக் கம்ப்ரஸரும் வாங்க ஒப்புதல் கோரும் தீர்மானம் அதனுடன் வரும்.

கடைசியாக, அந்த ஊரிலிருந்து சித்திரையில் ஒரு வேண்டுகோள் வந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலைத் தூர்வாரப் போகிறார்கள்; நாம் வைத்த கல்வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை போட எண்ணியிருக்கிறார்கள். கல் இழுக்க வின்ச் உள்ள இரண்டு வண்டிகள் வேண்டும் என்று கேட்கிறார்கள். செயற்குழு இசைவு தெரிவித்துவிட்டது. வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
மதுரை